அம்மி கொத்துகிற உளி

மாசத்துக்கு ஒரு தடவை எங்கள் தெருவுக்கு ஒரு ஆத்தா வரும். இடுப்பில் ஒரு துணிப்பை, பைக்குள் நாலைந்து உளி, ஒரு சின்னச் சுத்தியல், வெற்றிலைக்குத் தனியாக ஒரு சுருக்குப் பை. "அம்மி கொத்தலையோ அம்மீ... ஆட்டுக்கல் கொத்தலையோ..." என்று இழுக்கிற குரல் தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டும்போதே எங்கள் அப்பத்தா அம்மியைக் கழுவித் துடைத்து வேப்பமரத்தடிக்கு நகர்த்தி வைத்துவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் நான் அம்மிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வேன். "கண்ணை மூடிக்கடா, தூளு தெறிக்கும்" என்று ஆத்தா சொல்லும். நான் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன். டொக், டொக், டொக் என்று புள்ளி புள்ளியாக விழுந்து, வழவழவென்று தேய்ந்துபோன கல் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிக்கொண்டே வரும். அப்போது கல்லிலிருந்து கிளம்புகிற ஒரு கருகல் வாடையும், வருசக்கணக்காக அம்மியில் ஊறிக் கிடந்த மிளகாய் மல்லி வாடையும், எதிர்த்த கமிஷன் கடையில் அவிழ்த்துப் போட்ட பருத்திப் பொதியின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது பருத்தி மூட்டையைக் கண்டால் என் காதில் டொக் டொக் கேட்கிறது.

வேலை முடிந்ததும் ஆத்தா உடனே எழுந்துவிடாது. அம்மியின் ஓரத்தில் ஒரு மீனோ, ஒரு பூவோ கொத்திவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஒரு சொம்பு கேப்பைக் கூழும் வெங்காயமும் கொடுத்தால் போதும். எங்கள் வீட்டு அம்மிக்கு மீன். பக்கத்து வீட்டுக்குத் தாமரை. அதில் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது, தாமரைதான் பெரிசாக இருந்தது.

எங்கள் ஊரே தட்டுகிற ஊர். மீனாட்சியம்மன் கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்துகொடுத்த ஊர், அதனால்தான் திருமங்கலம் என்று பேர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிசமோ கதையோ, ஆசாரிமார் பட்டறைப் பக்கம் போனால் டிங் டிங் என்று பொன்னைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பொன்னைத் தட்டுகிற சத்தத்தைவிடக் கல்லைத் தட்டுகிற சத்தம்தான் எனக்குப் பிடித்தது. அதன் விளைவு, ஒருநாள் ஆத்தா கூழ் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தேய்ந்து விரல் நீளத்துக்குக் குறுகிப்போன ஓர் உளி என் டவுசர் பைக்குள் போய்விட்டது. "போய்விட்டது" என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருசம் எங்களுக்கு வரலாறும் புவியியலும் எடுத்தவரை நாங்கள் வெறும் "சார்" என்போம், மற்றவர்களுக்கெல்லாம் பட்டப்பேர் உண்டு. மூக்குப்பொடி மணக்கும் சட்டை, பின்னால் கேரியரில் கட்டிய குடை, கோடு போடாத நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது குன்றைத் தேடிப் போய்விடுவார். போன இடத்தில் பாறை எந்தத் திசை பார்த்திருக்கிறது, தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில் எழுத்து இருக்கிறது, ஆடு மேய்க்கிறவர்கள் அந்த இடத்தை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். நின்ற இடத்திலேயே படமும் வரைவார். "ஊர்க்காரன் சொல்ற பேரை முதல்ல எழுதணும்டா, புத்தகத்துல இருக்கிற பேரு எங்கயும் ஓடிப்போயிராது" என்பார். கீழக்குயில்குடி சமணர் மலையில் பெரிய காதோடு உட்கார்ந்திருக்கிற தீர்த்தங்கரரை ஊர் சனம் செட்டியார் என்று நினைத்துக்கொண்டு அந்தக் குகைக்குச் செட்டிப்புடவு என்று பேர் வைத்ததை அவர் சொல்லும்போது, கேலியாகச் சொல்ல மாட்டார். ஆயிரம் வருசமாக அந்தச் சிலையை உடைக்காமல் வைத்திருந்தது அந்தப் பேர்தான் என்பது அவர் கட்சி.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார். கொங்கர்புளியங்குளம் குன்றில் இருக்கிற எழுத்துகளைத் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஒருவர் மைப்படி எடுக்க வருகிறார், தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும். மைப்படி என்றால் என்னவென்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது. விடியக் கருக்கலில் கிளம்பி, செக்கானூரணி வந்து, மதுரைச் சாலையில் திரும்பி மிதித்தோம். சாலையோரக் கடையில் சார் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியுமாக அது தொண்டையில் இறங்கியபோது, தண்ணீர் சுமப்பது ஒன்றும் அவ்வளவு கேவலமான வேலையில்லை என்று பட்டது.

குன்றின் குகைக்குள் நுழைந்ததும் வௌவால் வாடை. வெளியே பாறை தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருக்க உள்ளே மட்டும் பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. தரை முழுக்கக் கல்லிலேயே வெட்டித் தேய்த்த படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு. ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி எல்லாவற்றையும் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டிக்கொண்டு போனது. "அஞ்சு பேருக்கு எதுக்கு சார் இத்தனை படுக்கை?" என்று கேட்டேன். சார் சந்தோசப்பட்ட கேள்விகளில் அது ஒன்று. வீடு வாசலை விட்டு வந்த சமணத் துறவிகள் 2,000 வருசத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் தங்கிய இடம் இது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மழைத்தண்ணி உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருந்தார்கள். அதையொட்டித்தான் எழுத்துகள்.

வந்தவர் வேலையை ஆரம்பித்தார். முதலில் தேங்காய் நார் பிரஷ்ஷால் எழுத்தைத் தேய்த்துக் கழுவினார். நாங்கள் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினோம். பிறகு நனைத்த தாளை எழுத்தின்மேல் ஒட்டி, அடர்ந்த மயிர்ப் பிரஷ்ஷால் பட் பட்டென்று அடித்தார். ஈரத்தாள் குழியெல்லாம் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் காய்ந்ததும் விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையைத் துணிப்பந்தில் தொட்டு மெல்ல ஒற்றிக்கொண்டே வந்தார். மேடெல்லாம் கறுப்பாகியது, எழுத்து மட்டும் வெள்ளையாகக் கண் திறந்தது. அதுவரைக்கும் பாறையில் எனக்குக் கீறலாகத் தெரிந்தது தாளுக்கு வந்ததும் வாசகமாகிவிட்டது. சார் விரலால் தொடாமல் காற்றில் சுட்டி வாசித்தார். உபறுவன் என்ற உபாசகன் ஒருவன் இங்கே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறான். பாகனூர்க்காரன் பேராதன் பிட்டன் பொன் ஈந்திருக்கிறான். அந்தப் பாகனூர் நம்ம சோழவந்தான் பக்கந்தான் என்றார். சோழவந்தானில் எனக்கு ஒரு சித்தி இருந்தது. சித்தி வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவனின் பேரை 2,000 வருசம் கழித்து வாசிக்கிறோம் என்றதும் எனக்குக் கிறுகிறுத்துவிட்டது.

அந்தக் கிறுகிறுப்பில்தான் தப்பு நடந்தது. மத்தியானம் எல்லோரும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது நான் ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாறைக்கு அங்கிட்டுப் போனேன். டவுசர் பையில் உளி, சுத்தியலுக்கு ஒரு கூழாங்கல். என் பேரை வெட்டினேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பேர்தான். 'பா' சுலபமாக வந்தது, எல்லாம் நேர்க்கோடு. 'ண'வுக்கு வந்ததும் உளி திணறியது. சுழித்துச் சுழித்துப் போகிற அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் வாழ்நாளில் உளி பிடித்திருக்க மாட்டார் என்று வைதுகொண்டே முதல் சுழியைப் பாதி கொத்தியிருப்பேன், பின்னால் மூக்குப்பொடி வாடை வந்தது. என்னைக் காட்டிக்கொடுத்தது வேறொன்றுமில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த அந்த டொக் டொக்தான்.

சார் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துறைக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் சிரிக்காமல் வந்தார். என் எழுத்தைக் கழுவினார், மீந்த தாளை நனைத்து ஒட்டினார், அடித்தார், மை ஒற்றினார். உபறுவனுக்குச் செய்த மரியாதையில் ஒன்றுகூடக் குறையவில்லை. கறுப்புத் தாளில் வெள்ளையாக ஒரு 'பா', அதையடுத்து வால் அறுந்த பல்லி மாதிரி ஒன்று. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு சார் கேட்டார்:

"இவன் கூரை கொடுத்தேன்னு எழுதிருக்கான். அவன் பொன்னு கொடுத்தேன்னு எழுதிருக்கான். நீ என்னடா கொடுத்த?"

என்னிடம் பதில் இல்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே இரக்கப்பட்டு மணலில் விரலால் வரைந்து காட்டினார். மேலே ஒரு படுக்கைக் கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு, நடுவில் ஒரு கம்பு. "அந்தக் காலத்து 'ண' இதுதான். கல்லுல வெட்டுறவனுக்குத் தோதா எழுத்து இருந்த காலம். உன் 'ப' மட்டும் அப்பயும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்துச்சு." அந்த அவமானத்துக்கு நடுவிலும், நான் பாதியில் விட்ட எழுத்தை அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் முடித்திருக்கலாமே என்று ஒரு விநாடி தோன்றியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இறங்கும்போதுதான் அந்த நீலப் பலகையை வாசித்தேன். 1958ஆம் வருசச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினால் 3 மாதம் ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அப்பா கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் சம்பளத்தில் 5,000 ரூபாய் சேர எத்தனை மாசம் ஆகும் என்று சைக்கிள் மிதித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஊர் வந்து சேர்ந்தும் விடை வரவில்லை. ரொம்ப நாளைக்கு எங்கள் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் நான் குதிருக்குப் பின்னால் இருப்பேன். 2010இல் சட்டத்தைத் திருத்தி 2 வருசம், 1 லட்சம் என்று கூட்டிவிட்டார்கள். நல்லவேளை, முன்னாலேயே பிறந்துவிட்டேன்.

அடுத்த மாசம் ஆத்தா வந்தபோது உளியை நீட்டினேன். "நீயா எடுத்த? எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. அவ்வளவுதான். அன்றைக்கும் அம்மி ஓரத்தில் இருந்த மீனுக்கு ஒரு கண் புதிதாகக் கொத்திவிட்டுப் போனது.

அந்தக் கோடை லீவில் சார் எங்களை மேலூர் வழியாகக் கருங்காலக்குடிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். பஞ்சபாண்டவர் குட்டு என்பது அந்தக் குன்றின் பேர். அங்கேயும் கற்படுக்கை உண்டு, பழைய எழுத்து உண்டு. ஆனால் அவர் காட்ட வந்தது எழுத்தை அல்ல. பாறையில் மங்கலாக வெள்ளைக் கோட்டில் உருவங்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பறவை எச்சம் என்றான் ஒருவன். "பைய்யப் பாருங்கடா, அவசரப்படாதீங்க" என்றார் சார். கண் பழகப் பழகக் கோடுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்று பாட்டிலைத் திறந்தேன். சார் என் கையைப் பிடித்த பிடியில் பாட்டில் உருண்டு கீழே போய்விட்டது. வெட்டின எழுத்து தண்ணியைத் தாங்கும்டா, இது வெறும் பூச்சு. ஒவ்வொரு தடவை நனைஞ்சு காயும்போதும் பாறைக்குள்ள இருக்கிற உப்பு மேல வந்து சாயத்தைப் பெயர்த்துப் போட்டுரும். பளிச்சுனு பார்க்கணும்னு வந்தவனெல்லாம் ஆளுக்கு ஒரு செம்பு ஊத்துனா அப்புறம் பார்க்க ஒண்ணும் மிஞ்சாது. ரொம்ப நேரம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் தேடினேன். "பேரெல்லாம் இல்ல. எழுத்துங்கிறதே தெரியாத காலத்து ஆள்க போட்டது" என்றார். கூரை கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை, நான் இன்னார் என்றும் சொல்லவில்லை. கூலி வாங்காமல் மீன் கொத்திவிட்டுப் போகிற எங்கள் ஆத்தா நினைப்புத்தான் எனக்கு வந்தது.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு இந்தப் பைத்தியம் என்னையும் விடவில்லை. அழகர்மலைப் பக்கம் கிடாரிப்பட்டியில் காவிக்கல் சிவப்பில் தீட்டியவற்றைப் பார்த்தேன். திண்டிவனம் பக்கம் பெருமுக்கலில் பாறையில் வெட்டிய கோட்டுருவங்களைப் பார்த்தேன். வயநாட்டு எடக்கல்லில் இரண்டு பாறைக்கு இடையில் நின்றுகொண்டு, சுவர் முழுக்க ஆழக் கீறிய உருவங்களைப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற வழிகாட்டி சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை, கல்லைத் தேய்க்கிற சத்தம்தான் கேட்டது. கொங்கணக் கடற்கரையில் செம்புரைக்கல் வெளிகளில் யானை, மீன், மனிதன் என்று தரையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சுதிர் ரிஸ்புட், தனஞ்செய் மராத்தே போன்ற ஆர்வலர்கள் ஊர் ஊராகப் போய் அங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டே அவற்றைத் தேடிப் பதிந்தார்கள். 2022இல் அவை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. செய்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் சாரின் கேரியர் குடைதான் ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் பாட்டில் தண்ணீர் தேவையில்லை. ஜான் ஹார்மன் என்கிற அமெரிக்கர் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் ஒரு படத்தைப் போட்டால், கண்ணுக்குத் தெரியாத பழைய சாயம் தெளிந்து வருகிறது. பாறையைத் தொடவே வேண்டாம்.

ஆனால் படம் இருந்து என்ன, பாறை வேண்டுமே. மேலூர்ப் பக்கம் குன்றுகளைக் கேக் மாதிரி அறுத்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கைக்குப் பிறகுதான் கிரானைட் முறைகேட்டுச் சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருசத்தில் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்கள் ஒன்றாகத் திரண்டு நின்றதில் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தாகியது. நாட்டுப்புறத்து ஆயிரக்கணக்கான சனம் மதுரைக்குள் நடந்து வந்த படங்களைப் பார்த்தபோது, செட்டிப்புடவு என்று பேர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் நடத்துகிற பசுமை நடையில் காலை வேளைகளில் ஊர் சனம் குன்றுகளுக்குப் போகிறது, சொ. சாந்தலிங்கம் ஐயா போன்றவர்கள் நின்று விளக்குகிறார்கள், பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். அதைப் பார்த்த தைரியத்தில் போன வருசம் என் மகளைக் கொங்கர்புளியங்குளத்துக்குக் கூட்டிப்போனேன். அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரரையும் கீழே இருக்கிற வட்டெழுத்தையும் காட்டினேன், உபறுவனைக் காட்டினேன். பாறைக்கு அங்கிட்டு மட்டும் போகாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் இழுத்த பக்கமா வருவார்கள்? "அப்பா, இங்க யாரோ 'பா'ன்னு எழுதிருக்காங்க" என்று சத்தம் போட்டாள். அது அப்படியே இருந்தது. சுரண்டினால் பாறைதான் இன்னும் போகும், பெயின்ட் அடித்தால் அது இன்னொரு பாவம். பாசி படர்ந்து தானாக மூடினால்தான் உண்டு. யார் எழுதியது என்று மகளிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகியது.

சார் காலமாகி வருசங்கள் ஆகிவிட்டன. அவர் எழுதிய நோட்டுகளில் பாதிக்குமேல் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டன, மிஞ்சியவற்றில் ஒன்றை வீட்டார் எனக்குக் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருப்பார், அவர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு நோட்டு இருக்கும். எடைக்குப் போவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். நான் வாங்கிவந்த நோட்டில் கொங்கர்புளியங்குளத்துக்கு ஆறு பக்கம். படுக்கைகளின் எண்ணிக்கை, காடியின் நீளம், எழுத்துகளின் படம், ஊர்க்காரர்கள் சொன்ன பேர். ஆறாம் பக்கத்தின் கடைசியில், அதே மணிமணியான கையெழுத்தில், அளவோடு படமும் போட்டு இப்படி எழுதியிருக்கிறார்: "அண்மைக் காலத்துக் கிறுக்கல். ஒன்றரை எழுத்து. தரையிலிருந்து ஐந்து சாண். கருவி: அம்மி கொத்தும் உளி. வெட்டியவன் என் மாணவன். பொறுப்பு என்னுடையது."